ஓநாயும் பொண்ணும்: யார் யாரைப் பாக்குறாங்க?

வணக்கம் அக்கா. என் பொண்ணுக்கு ஆறு வயசு. பாட்டியைப் பாக்கப் போற சிவப்புத் தொப்பிப் பொண்ணை ஓநாய் பாட்டி வேஷத்துல ஏமாத்துமே, அந்த லிட்டில் ரெட் ரைடிங் ஹூட் கதையை வேற வேற படப்புத்தகமா வாங்கிக் குடுத்தேன். ஒண்ணுல ஓநாய் நாய்க்குட்டி மாதிரி சிரிக்குது, இன்னொண்ணுல அந்தப் பொண்ணே ஓநாயை விரட்டி அடிக்கிறா. நான் சின்ன வயசுல பாத்த படத்துல ஓநாயைப் பாத்தாலே பயமா இருக்கும். இப்ப வரையுறவங்க ஒரிஜினலைக் கெடுக்குறாங்களோன்னு தோணுது. நீங்க என்ன நினைக்கிறீங்க?
– ஒரு வாசகி

வணக்கம்மா.

ஒரிஜினல்னு நீங்க எதைச் சொல்றீங்கன்னு மொதல்ல பாக்கணும். இந்தக் கதை பிரெஞ்சுல பெரோங்கற எழுத்தாளர் எழுதி 1697ல அச்சானப்பவே கூட ஒரு சின்னப் படம் இருந்துச்சு, அதுல காடு இல்ல, பூ இல்ல, ஒரு கட்டிலும் அதுல படுத்திருக்கவங்க மேல ஏறி நிக்கிற ஓநாயும்தான். பெரோ கதைல பொண்ணை யாரும் காப்பாத்தல, ஓநாய் தின்னுடுது, அவ்ளோதான் கதை. வயித்தைக் கிழிச்சு வெளிய எடுக்குற வேட்டைக்காரன் 1812ல ஜெர்மன்காரங்களான கிரிம் சகோதரர்கள் புத்தகத்துலதான் வர்றான். அப்ப ரெண்டுல எந்தக் கதைக்குப் படம் போடுறோம்னு முடிவு பண்ணும்போதே ஆர்ட்டிஸ்ட் கதையை மாத்த ஆரம்பிச்சாச்சு.

நீங்க சின்ன வயசுல பாத்தது அனேகமா பிரெஞ்சு ஆர்ட்டிஸ்ட் குஸ்தாவ் டோரே படமா இருக்கும், இல்லன்னா அதைப் பாத்து வரைஞ்ச ஒண்ணா இருக்கும், ஏன்னா 1862ல அவர் போட்ட படங்களைத்தான் இன்னிக்கு வரைக்கும் எல்லாரும் திரும்பத் திரும்ப எடுத்துப் போடுறாங்க. அந்தக் கட்டில் படத்தை ஒரு தடவை நிதானமாப் பாருங்க. பாட்டியோட தொப்பியை மாட்டிக்கிட்டு ஓநாய் வாயை மூடிட்டுப் படுத்திருக்கு, பல்லே தெரியாது. பக்கத்துல பொண்ணு, சிவப்புத் தொப்பி இல்ல, முடி அவிழ்ந்து கிடக்கு, போர்வையை நெஞ்சு வரைக்கும் இழுத்துப் பிடிச்சிட்டு ஓரக்கண்ணால அதையே பாக்குறா. இது பாட்டி இல்லன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. ஆனா பெரோ எழுத்துல அவ இன்னும் உன் கை ஏன் இவ்ளோ பெருசு, காது ஏன் இவ்ளோ பெருசுன்னு கேட்டுட்டுதான் இருக்கா. அவளுக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு எங்கயும் எழுதல, அதை டோரே சேர்த்தது. என்னைக் கேட்டா நம்மளை பயமுறுத்துறது ஓநாய் இல்ல, அந்தப் பொண்ணோட கண்ணு.

அதனால எனக்கு இந்தக் கதைல எந்தப் படம் வந்தாலும் மொதல்ல பாக்குறது அவ என்ன பாக்குறா, அவளுக்கு எவ்ளோ தெரியுதுங்கறதைத்தான். இங்கிலாந்துல வால்டர் கிரேன்ங்கற ஆர்ட்டிஸ்ட் 1875ல போட்டதுல ஓநாய் ஆட்டுத்தோலைப் போத்திட்டு நிக்கும். நமக்கு உடனே புரியும், அவளுக்குப் புரியாது. அழகான டிசைன்தான், ஆனா அங்க பொண்ணு சும்மா ஏமாறுறவ மட்டும்தான், எனக்கு அது போதல.

வார்யா லவாட்டர்னு ஒரு சுவிஸ் ஆர்ட்டிஸ்ட் 1965ல மூஞ்சியே இல்லாம பண்ணிட்டாங்க. பொண்ணு ஒரு சிவப்புப் புள்ளி, ஓநாய் கருப்புப் புள்ளி, காடு பூரா பச்சைப் புள்ளி, மடிச்சு மடிச்சு வெச்ச நீளமான ஒரே தாள். கருப்பு கிட்ட வர வர நம்மளே பதறிடுவோம்.

இப்ப கெடுக்குறாங்கன்னு சொன்னீங்கல்ல, அதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்றேன். 1983ல சாரா மூன்ங்கற போட்டோகிராபர் பெரோ எழுத்தை அப்படியே வெச்சுக்கிட்டு கருப்பு வெள்ளை போட்டோவுல ஒரு புத்தகம் பண்ணாங்க. காட்டுக்குப் பதிலா ராத்திரி நேரத்து ஊர்த் தெரு, தனியா ஒரு பள்ளிக்கூடப் பொண்ணு, ஓநாய் இருக்க வேண்டிய எடத்துல ஒரு கார், அதோட ஹெட்லைட் அவமேல விழுது. கடைசிப் பக்கத்துல கசங்கின வெள்ளை பெட்ஷீட், ஆள் யாரும் இல்ல. பெரோ தன் கதை முடிவுல பாட்டா எழுதி வெச்ச எச்சரிக்கையும் இதுதான், சாதுவா இனிக்க இனிக்கப் பேசிட்டு பின்னாடியே வர்ற ஓநாய்தான் ரொம்ப ஆபத்துன்னு. வால் காது எல்லாம் எடுத்துட்டும் அவர் சொன்னதுக்கு ரொம்பக் கிட்ட போனது இந்தப் புத்தகம்தான்னு நான் உறுதியா நம்புறேன்.

சிரிக்கிற ஓநாய் விஷயத்துல நான் உங்க பக்கம்தான். ஓநாயை பொம்மை ஆக்கிட்டா அப்புறம் பொண்ணு பாக்குறதுக்கு எதுவுமே இல்ல, அவளோட தைரியமும் சேர்ந்து போயிடுது. ஆனா அடிக்கிற பொண்ணை அப்படி ஒதுக்காதீங்க. எட் யங்ங்கற ஆர்ட்டிஸ்டோட லோன் போ போ புத்தகம், 1989ல வந்தது, அடுத்த வருஷம் அமெரிக்காவுல படப்புத்தகத்துக்குக் குடுக்குற கால்டகாட் மெடல் வாங்குச்சு, சீனக் கதை. அம்மா வெளிய போன ராத்திரி ஓநாய் பாட்டி வேஷத்துல வரும், மூணு பொண்ணுங்கள்ல மூத்தவ விளக்கைப் பொருத்தினதும் அந்த மயிரடர்ந்த மூஞ்சியைப் பாத்துடுவா, பாத்துட்டும் காட்டிக்காம ஜிங்கோ மரத்துக் கொட்டை பறிச்சுத் தர்றேன்னு பேசி அதை வெளிய வரவெச்சு மூணு பேருமா தீத்துக் கட்டுவாங்க. பக்கத்தை சீனத் திரைச்சீலை மாதிரி நீள நீளமாப் பிரிச்சு வரைஞ்சிருப்பார், ஓநாய் பாதி இருட்டுலயே இருக்கும், நிஜமா பயமா இருக்கும். இத்தனைக்கும் புத்தகத்தை அவர் சமர்ப்பணம் பண்ணது உலகத்துல இருக்குற ஓநாய்களுக்கு, நம்ம இருட்டைக் காட்டுறதுக்கு அதுங்க தன் நல்ல பேரைக் கடன் குடுத்துச்சாம்!

உங்க பொண்ணுக்கு இதைக் குடுங்க, ஆறு வயசுக்கு தாங்கும், மொத தடவை மட்டும் பக்கத்துல உக்காந்து படிங்க. டோரே படங்களையும் காட்டுங்க, அந்தப் பொண்ணு என்ன நினைக்கிறான்னு அவகிட்டயே கேளுங்க, நீங்க பதில் சொல்லிடாதீங்க. சாரா மூன் புத்தகம் இப்ப வேண்டாம், பன்னெண்டு பதிமூணு வயசு ஆகட்டும்.