ரெடிஸ் (தரவை நினைவகத்தில் வைக்கும் சேமிப்பகம்) கிளஸ்டரில் வைத்த ஆப்ஜெக்ட் திரும்ப எடுக்கும்போது உடைகிறது. எங்கிருந்து தேடுவது?

ஜாவா சேவை, புதிய பதிப்பு ஏற்றிய பிறகு சில கோரிக்கைகளில் மட்டும் 'இன்வேலிட் கிளாஸ் எக்ஸெப்ஷன்' (InvalidClassException) என்ற பிழை வருகிறது என்கிறீர்கள். அந்த 'சில மட்டும்' என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

கோடில் கை வைப்பதற்கு முன் தகராறு செய்யும் ஒரு கீயின் (தரவைத் தேடி எடுக்கும் பெயர்) மதிப்பை எடுத்து, முதல் சில பைட்டுகளை ஹெக்ஸில் (16 அடிமான எண்களில்) பாருங்கள். ஏசி ஈடி 00 05 (AC ED 00 05) என்றால் ஜாவாவின் சொந்த சீரியலைசேஷன், அதாவது ஆப்ஜெக்டைப் பைட்டுகளாக மாற்றும் முறை. 7பி (7B) என்றால் பெரும்பாலும் ஜேசன் (JSON) என்ற எழுத்து வடிவத் தரவு. 1எஃப் 8பி (1F 8B) என்றால் யாரோ ஜிஸிப் (gzip) செய்து, அதாவது சுருக்கி வைத்திருக்கிறார்கள். ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கின் ரெடிஸ் டெம்ப்ளேட்டை எதையும் மாற்றாமல் பயன்படுத்தினால் கீயின் முன்னாலும் அந்த ஏசி ஈடி ஒட்டிக்கொள்ளும். கண்ணெதிரே இருக்கிற கீ கிடைக்காமல் நான் ஒரு மத்தியானம் முழுக்க அலைந்திருக்கிறேன்.

நீங்கள் சொன்ன பிழை ஜாவா சீரியலைசேஷனில் வருவது என்பதால் சந்தேகம் சீரியல் வெர்ஷன் யூஐடி (serialVersionUID, கிளாஸின் பதிப்பு எண்) மேல்தான். அதை நீங்கள் எழுதாவிட்டால் கிளாஸின் பெயர், ஃபீல்டுகள், மெத்தட்டுகளை வைத்து ஜாவாவே ஓர் எண்ணைக் கணக்கிடும். ஒரு பப்ளிக் மெத்தட் சேர்த்தாலே எண் மாறிவிடும். பழைய பாட் (pod, சேவையின் ஓடும் ஒரு பிரதி) எழுதியதைப் புதியது படிக்காது, புதியது எழுதியதைப் பழையது படிக்காது; அதனால்தான் சில கோரிக்கைகள் மட்டும் உடைகின்றன. பிழைச் செய்தியில் இரண்டு எண்கள் இருக்கும். புதிய பாட்டில் வந்த பிழையில் 'ஸ்ட்ரீம்' (சேமித்த தரவு) பக்கம் உள்ள எண்ணை அப்படியே கிளாஸில் எழுதிவிடுங்கள். ஃபீல்டுகளின் டைப்பை மாற்றாதவரை பழைய தரவு படிக்க வரும். புதிதாகச் சேர்த்த ஃபீல்டு மதிப்பில்லாமல் (null), எண் வகை என்றால் 0 ஆக இருக்கும், அவ்வளவுதான்.

ரெடிஸில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் ஃபிளஷ்ஆல் கட்டளையை மட்டும் அடிக்காதீர்கள். சிங்கப்பூரின் சாங்கி பிசினஸ் பார்க்கில் நான் இருந்த ஒரு குழுவில், தீபாவளிக்கு முதல் நாள் பாதிப் பேர் தேக்காவுக்குக் கிளம்பிய நேரத்தில், ஒருவர் அடித்தார். பிழை போனது உண்மை. கூடவே எல்லாருடைய செஷனும் போய், மொத்தச் சுமையும் டேட்டாபேஸ் தலையில் இறங்கியது. கடைசி ரயிலையும் விட்டோம்.

பிழையே காட்டாமல் தவறாகப் படிப்பது இதைவிட மோசம். சிங்கப்பூர் நேரம் 1982 தொடக்கத்தில்தான் +8 ஆனது. அதற்கு முன் சில பத்தாண்டுகள் +7:30. நாங்கள் ஜேசனில் பிறந்த தேதியை 'ஜிஎம்டி+8' என்று வைத்துப் படித்தோம், ஜாவாவோ 'ஏசியா/சிங்கப்பூர்' மண்டலத்தில் ஓடியது. 1975 மே 10 நள்ளிரவு, மே 9 இரவு 11:30 ஆகிவிட்டது. அதனால் 1982க்கு முன் பிறந்தவர்களுக்கு மட்டும் பிறந்தநாள் ஒரு நாள் முன்னால் போனது. எங்கள் டெஸ்ட் தரவில் இருந்தவர்கள் எல்லாரும் தொண்ணூறுகளில் பிறந்தவர்கள், எப்படிப் பிடிபடும்! பிறந்த தேதியை நேரமும் மண்டலமும் இல்லாத 'லோக்கல் டேட்' (LocalDate) ஆக மாற்றிய பிறகுதான் தொல்லை விட்டது.

நிரந்தரத் தீர்வு கேட்டால், ஜாவா சீரியலைசேஷனையே விட்டு ஜேசனுக்கோ, ஃபீல்டுகளை எண்களால் அடையாளம் காணும் புரோட்டோபஃப் (Protobuf) வடிவத்துக்கோ போங்கள். புரோட்டோபஃபில் நீக்கிய ஃபீல்டின் எண்ணை மறுபடி வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. மாறும்போது கீயின் முன்னால் 'வி2' என்று சேர்த்துவிட்டால், காலாவதி நேரம் வைத்திருக்கும் பழையவை தானாகவே போய்விடும்.

பிழைச் செய்தியின் அந்த இரண்டு எண்களையும் முதல் 16 பைட்டுகளையும் கேள்வியில் சேருங்கள், பார்த்துச் சொல்கிறேன். முழு மதிப்பையும் போட்டுவிடாதீர்கள், உள்ளே வாடிக்கையாளர் விவரம் இருக்கலாம்.