சாவி கமிட்டியிடம், பட்டா ஆயர் பெயரில் இருந்தால்: மண்டபம் யாருடையது?

கேள்வி: குமரி மாவட்டத்தில் கத்தோலிக்கக் கடற்கரை ஊர் எங்களுடையது. நான்கு வருடமாக ஊர்க் கமிட்டிக்கு நான்தான் பொருளாளர். கோயிலுக்கு எதிரே ஆறு கடை, ஒரு கல்யாண மண்டபம், தெருமுக்கில் ஒரு குருசடி (சிலுவை வைத்த சிற்றாலயம்). எல்லாம் எங்கள் அப்பாமார் காலத்தில் தெறிப்பு (மீன்பாட்டில் ஊருக்கான பங்கு) எடுத்தும் குடும்ப வரி பிரித்தும் கட்டியவை. போன வருடம் வந்த பங்குத்தந்தை, கமிட்டியைக் கலைத்துவிட்டதாகப் பூசையில் அறிவித்து, அன்பியங்கள் (பங்கிலுள்ள சிறு குடும்பக் குழுக்கள்) வழியாகப் புதுப் பங்குப் பேரவை அமைத்தார். எங்கள் ஆட்கள் மண்டபச் சாவியைக் கொடுக்கவில்லை. பேரவைக்காரர்கள் அதற்கு மேல் இன்னொரு பூட்டுப் போட்டுவிட்டார்கள். கடை வாடகையை இரண்டு பக்கமும் கேட்கிறோம். ஊர்ப் பணம் 11 லட்சம் ரூபாய் எங்கள் மூவர் பெயரில் வங்கியில் கிடக்கிறது. சொத்து ஊருக்கா, மறைமாவட்டத்துக்கா (ஆயரின் நிர்வாகத்துக்கா)? சாமியார் கமிட்டியைக் கலைக்க முடியுமா? வரி கட்டாத வீட்டுச் சாவுக்குக் கல்லறையில் இடமில்லை என்று எங்கள் ஆட்களே பேசுகிறார்கள், அது சரியா?

பதில்: நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தச் சண்டையில் மண்டபத்தை விட உங்களுக்கு ஆபத்தானது அந்த 11 லட்சம். ஊருக்கு அது ஊர்ப் பணம். வங்கிக்கும் வருமான வரித் துறைக்கும் அது மூன்று தனி ஆட்களின் பணம். வட்டி உங்கள் பான் எண்ணில் ஏறும். மூவரில் ஒருவர் தவறிப்போனால் அவர் பிள்ளைகளின் கையெழுத்துக்கு நீங்கள் அலைய வேண்டிவரும். எதிர்த்தரப்பு நம்பிக்கை மோசடி என்று புகார் எழுதினால் முதல் வரியில் வருவது பொருளாளர் பெயர்தான்.

ஆகவே அதில் ஒரு பைசா எடுக்காதீர்கள். வக்கீல் பீஸுக்கும் கூடாது. ஊர்ப் பணத்தை எடுத்து ஊர் மேலேயே வழக்குப் போட்டவர்கள் என்று கூண்டில் ஏற்றிக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. இரு தரப்பும் எழுத்தில் சம்மதிக்கும்வரை இந்தக் கணக்கில் பணம் எடுக்கப்படாது என்று மூவரும் கையெழுத்திட்டு வங்கியில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பாஸ்புக், கேஷ் புக், தீர்மானப் புத்தகம், ரசீதுகளின் அடிக்கட்டை எல்லாவற்றையும் பக்கம் விடாமல் ஸ்கேன் செய்து வையுங்கள். கரையான் தின்ற கேஷ் புக்கால் தோற்ற வழக்கு ஒன்றை நானே நடத்தியிருக்கிறேன்.

இனி சொத்து. "ஊர்ச் சொத்து" என்பதை வாய்க்கு வாய் சொல்கிறோம். பத்திரப் பதிவில் அப்படி ஒரு உரிமையாளர் கிடையாது. கடை, மண்டபம், குருசடி மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள், மூன்றுக்கும் மூன்று கதை இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சர்வே எண் பிடித்து, பட்டா, அ-பதிவேடு, புலப்பட நகல், வில்லங்கச் சான்று எடுங்கள். வில்லங்கத்தை இணையத்தில் பார்க்கலாம். பழைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத்தான் தேட வேண்டும். உங்கள் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, தாய்ப் பத்திரம் மலையாளத்தில் இருந்தால் திகைக்க வேண்டாம். மறைமாவட்டமும் மாறியிருக்கக்கூடும். கோட்டாறு 1930-ல் கொல்லத்திலிருந்து பிரிந்தது, அதிலிருந்து குழித்துறை 2014-ல் பிரிந்தது. தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஊர்கள் தமிழ்நாட்டில் இருந்தாலும் இன்றும் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. பத்திரத்தில் பழைய மறைமாவட்டத்தின் பெயரே நிற்பதைப் பார்த்து "அப்படியானால் இது யாருக்கும் சொந்தமில்லை" என்று யாராவது உற்சாகப்பட்டால் நம்பாதீர்கள்.

தெருமுக்குக் குருசடிகள் பல, புறம்போக்கில் நிற்பவை. உங்களுடையதும் அப்படியானால் அந்த நிலத்துக்குக் கமிட்டியும் சொந்தக்காரர் அல்ல, ஆயரும் அல்ல. சண்டை தாலுகா அலுவலகத்துக்குப் போனால் கையில் பி மெமோ (ஆக்கிரமிப்பு நோட்டீஸ்) வந்து சேரும். அதன் உண்டியலுக்காக மல்லுக்கட்டுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

கடையும் மண்டபமும் நிற்கிற நிலம் ஆயர் பெயரிலோ மறைமாவட்டச் சங்கத்தின் பெயரிலோ இருந்தால்? "எங்கள் வியர்வையில் கட்டியது" என்பது உண்மை. அந்த உண்மை மட்டும் உரிமையாகிவிடாது. இதற்கு நூறு வருடப் பழைய பாடம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோயிலைக் கால்சட்டைக் கோயில் என்பார்கள். ஒரே பீடம், அதிலிருந்து பிரியும் இரண்டு கைகள், சாதிக்கு ஒரு கை, நடுவே தடுப்பு. 1910-ல் தடுப்பை இடித்தார்கள். பிள்ளை, முதலி குடும்பத்தார் தங்களுக்குத் தனி உரிமை உண்டென்று ஆயர் பார்த் மேல் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. அவர்கள் தோற்றார்கள். பணம் கொடுத்துக் கட்டினோம் என்பதால் வழிபாட்டு இடத்தின் மேல் தனி ஆட்சி வந்துவிடாது என்று சொல்ல வக்கீல்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைத்தான் எடுக்கிறார்கள். கடையும் மண்டபமும் பீடம் இருக்கிற இடம் அல்ல, அந்த வேறுபாட்டை நீங்கள் வாதிடலாம். ஆனால் நிலம் அவர்கள் பெயரில் இருந்தால் ஏறுவது செங்குத்து மலை.

பங்குப் பேரவைக்காரர்கள் இதைப் படித்துக் கைதட்டுவதற்கு முன் மறுபாதியையும் படிக்கட்டும். பத்திரத்தில் பெயர் இருப்பதால் ஆயரோ பங்குத்தந்தையோ தன் வீட்டுச் சொத்தைப் போல ஆள முடியாது. அவர்களுடைய சட்டமே விடாது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் பங்கு என்பது தனியான சட்ட ஆள், அதாவது தன் பெயரிலேயே சொத்து வைத்திருக்கக்கூடிய அமைப்பு. முறையாகச் சேர்த்தது யாரோ, சொத்து அந்தச் சட்ட ஆளுக்கே உரியது (விதி எண் 1256). ஒரு காரியத்துக்கென்று மக்கள் கொடுத்த காணிக்கையை அந்தக் காரியத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் (1267). நிர்வாகி வரவு செலவை ஒழுங்காக எழுதி, வருட முடிவில் கணக்கு வைக்க வேண்டும் (1284). மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடமும் கணக்குக் காட்ட வேண்டும், எப்படி என்பதை மறைமாவட்ட விதி சொல்லும் (1287). பங்குக்கு நிதிக்குழு கட்டாயம் (537). அது சாமியாரின் விருப்பம் அல்ல. இந்திய நீதிமன்றம் இந்த விதிகளை நாட்டுச் சட்டத்துக்கு மேலாக வைக்காது, சபையின் உள்விதியாகத்தான் பார்க்கும். ஆயர் இல்லத்துக்குப் போகும் மனுவில் இந்த எண்கள் நிற்கும்போது பதில் வரும் வேகமே வேறு.

கமிட்டியைக் கலைக்கலாமா என்றால், எந்தக் கமிட்டி என்று கேட்பேன். கடற்கரை ஊர்களில் ஒரே ஏழெட்டுப் பேர் காலையில் வலைச் சண்டையைத் தீர்ப்பார்கள், மாலையில் திருவிழாவுக்கு வரி போடுவார்கள். முதல் வேலை ஊர்த் தலைமை. அதைக் கலைக்கப் பங்குத்தந்தைக்கு எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை. இரண்டாவது வேலை பங்கு நிர்வாகம். அதில் பங்குப் பேரவை என்பது ஆயர் வகுத்த விதிப்படி அமைவது, தலைவர் பங்குத்தந்தை, பேரவைக்கு இருப்பது ஆலோசனைக் குரல் மட்டும் (536). பதவிக்காலம் முடிந்த பேரவையை மாற்றி, மறைமாவட்ட விதிப்படி புதியதை அமைத்திருந்தால் அதில் குறை சொல்ல இடமில்லை. அன்பியத் தேர்தல் அந்த விதிப்படி நடந்ததா என்று பார்க்க, விதிப் புத்தகத்தின் பிரதியை எழுதிக் கேளுங்கள். உங்கள் கமிட்டி சங்கமாகப் பதிவானதா? 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவாகி, வருடா வருடம் கணக்குத் தாக்கல் செய்திருந்தால் அதைக் கலைக்கும் கூட்டத்தைச் சங்கத்தின் உறுப்பினர்கள்தான் கூட்ட வேண்டும், பூசை அறிவிப்பு போதாது. பதிவு இல்லையென்றாலோ, தாக்கல் பல வருடம் விட்டுப்போயிருந்தாலோ உங்கள் கால் பலமாக ஊன்றவில்லை.

பூட்டு விஷயத்தில் இரண்டு தரப்பும் தவறு. இரட்டைப் பூட்டு அடிதடியாகும். அடிதடியானால் காவல் துறை அறிக்கை கோட்டாட்சியருக்குப் போகும், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 164-ஆம் பிரிவில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145) விசாரணை தொடங்கும். அவசரம் என்று கண்டால் மண்டபத்துக்குச் சீல் விழும். அடுத்த கல்யாண முகூர்த்தத்துக்கு முன்பணம் கொடுத்த வீட்டார் யார் வாசலில் போய் நிற்பார்கள்? அதற்கு முன் நீங்களே வட்டாட்சியரிடம் அமைதிப் பேச்சுவார்த்தை கேட்டு மனுக் கொடுங்கள். இரு தரப்பிலும் இரண்டிரண்டு பேர், ஒரே பூட்டு, சாவி பொது ஆளிடம், முன்பதிவுக்கு ஒரே நோட்டு என்று எழுதி வாங்கினால் பாதிச் சூடு இறங்கும்.

கடைக்காரர்களை இழுக்காதீர்கள். யார் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் கடை பிடித்தார்களோ, அந்தத் தரப்பின் உரிமையை வாடகைதாரர் மறுக்க முடியாது. ஆகவே ஒப்பந்தத்தில் உள்ளபடி, இதுவரை போன அதே வங்கிக் கணக்கில் வாடகை போகட்டும், கையில் ரொக்கம் வேண்டாம். அந்தக் கணக்கு உங்கள் மூவருடையதே என்றால், வங்கிக்கு எழுதிய கடிதத்தின் நகலைப் பேரவைக்கும் அனுப்புங்கள். பணம் உள்ளே வரும், யாரும் எடுக்க முடியாது என்று தெரிந்தால் அவர்கள் பயமும் குறையும்.

முறையிடும் வழியில் நாட்களைக் கவனியுங்கள். பங்குத்தந்தையின் முடிவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது கையில் கிடைத்ததிலிருந்து 15 நாளுக்குள் ஆயரிடம் மேல்முறையீடு (1737). ஆயரே ஆணை போட்டிருந்தால், மாற்றச் சொல்லி முதலில் அவரிடமே 10 நாளுக்குள் கேட்க வேண்டும் (1734), அதன் பிறகே ரோமைக்கு. பூசை அறிவிப்பு வந்து ஒரு வருடமாகிவிட்டதால் "காலம் கடந்தது" என்று சொல்வார்கள். இப்போது கணக்குக் கேட்டு மனுப் போடுங்கள், அதற்குக் கிடைக்கும் பதிலை எதிர்த்துப் புதிதாகத் தொடங்கலாம்.

சிவில் நீதிமன்றம் கடைசி. பொது அறக்கட்டளைச் சொத்து என்றால், அக்கறையுள்ள இரண்டு பேராவது சேர்ந்து, நீதிமன்ற அனுமதி வாங்கி, சிவில் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவில் கணக்குக் கேட்டும் நிர்வாகத் திட்டம் கேட்டும் வழக்குப் போடலாம். சபைச் சொத்து என்றால் நீதிமன்றம் தொடாது என்ற நினைப்பு இரு தரப்புக்கும் வேண்டாம். கேரளத்தின் எர்ணாகுளம்-அங்கமாலி உயர்மறைமாவட்ட நில விற்பனையில், தன் மேலுள்ள குற்ற வழக்கை ரத்துச் செய்யக் கேட்ட கர்தினால் ஆலஞ்சேரியின் மனுவை உச்சநீதிமன்றமே 2023-ல் தள்ளியது. ஆனால் மண்டபத்துக்காகச் சிவில் வழக்குக்குப் போனால் முதல் சாட்சி விசாரணைக்கு முன் உங்கள் பிள்ளைகள் கமிட்டிக்கு வந்துவிடுவார்கள். கணக்கு, சாவி, நிதிக்குழுவில் உங்கள் தரப்பில் இருவர், இந்த மூன்றும் பேச்சில் கிடைத்தால் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கல்லறை பற்றி: கூடாது. வரி பாக்கி கடன்தான், பாவம் அல்ல. அடக்கச் சடங்கு யாருக்கு மறுக்கப்படலாம் என்று திருச்சபைச் சட்டம் எண்ணிச் சொல்கிறது (1184), வரி கட்டாதவர் அதில் இல்லை. காணிக்கையைக் காரணம் காட்டி ஏழைகளுக்கு முறையான அடக்கம் இல்லாமல் போகக்கூடாது என்றும் இருக்கிறது (1181). சடலத்தை வாசலில் நிறுத்தி வைத்தால் கமிட்டித் தலைவரோடு பொருளாளரான உங்கள் மேலும் குற்ற வழக்கு வரும். அப்படித் தீர்மானம் போட யாராவது புத்தகத்தை நீட்டினால் "எனக்கு உடன்பாடில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டு, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.