சங்கக் கூட்டத்தில் சொன்னவர்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் உப்புவெளியில் வசிப்பவன்; மூன்று தலைமுறையாகத் தமிழரசுக் கட்சிக்கு வாக்களிக்கும் குடும்பம். ஆளுந்தரப்பைச் சேர்ந்த சிங்கள உறுப்பினர் ஒருவர் காணி விடுவிப்புப் பற்றி நிதானமாகப் பேசியதைக் கேட்டு, நன்றாகப் பேசினார் என்று முகநூலில் எழுதினேன். நண்பர்கள் என்னை விலைபோனவன் என்கிறார்கள். எதிர்த்தரப்பில் நியாயம் பேசுபவரைப் பாராட்டுவது பிழையா? எல்லாம் நடிப்பு என்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகர், திருகோணமலை

அன்புள்ள தம்பிக்கு,

பிழையில்லை. நடிப்பு என்பவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். என்னை உறுத்துவது வேறொன்று: அவர் யாரிடம் பேசினார் என்பதை நீங்கள் எழுதவேயில்லை.

என் அப்பா தமிழரசுக் கட்சிக்காரர். பக்கத்து வளவு மாமா துறைமுகத் தொழிலாளி, இடதுசாரியான சமசமாஜக் கட்சிக்காரர். எங்கள் விறாந்தையில் தேத்தண்ணி ஆறிப்போகும்வரை இருவரும் வாதிடுவார்கள். 1956இல் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, மாமாவின் கட்சித் தலைவர்களில் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா, ஒரு மொழியென்றால் இரண்டு நாடு, இரண்டு மொழியென்றால் ஒரு நாடு என்று எச்சரித்ததை அப்பா எங்களுக்குப் பாடமாக்கித் தந்திருந்தார். தன் கட்சித் தலைவர் எவருடைய பேச்சுக்கும் அவர் அந்த மரியாதையைக் கொடுத்ததில்லை.

1966 ஜனவரியில், பிரதமர் டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் தமிழ் மொழி உபயோகத்துக்கான ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தபோது, அதே சமசமாஜக் கட்சி சுதந்திரக் கட்சியோடு சேர்ந்து கொழும்பில் எதிர்ப்பு ஊர்வலம் போனது. டட்லியின் வயிற்றில் மசாலை வடை என்பது அன்றைய கோஷம்; தமிழர் பக்கம் சாய்ந்துவிட்டார் என்ற கேலி அது. மாமா இரண்டு கிழமையாக எங்கள் படலையைத் திறக்கவில்லை. பிறகு ஒரு மாலை கடதாசிப் பொதியில் வடையோடு வந்து, “அண்ணை, இது எங்கடை கட்சிக்கு வெட்கக்கேடெண்டு சங்கக் கூட்டத்திலை எழும்பிச் சொல்லிப்போட்டுத்தான் வாறன்” என்றார். அப்பா பேசாமல் ஒரு வடையை எடுத்துக்கொண்டார். தொழிற்சங்கம் அதற்குப் பின் மாமாவுக்கு எந்தப் பொறுப்பும் கொடுக்கவில்லை.

நான் மதிக்கும் மிதவாதம் அதுதான், தம்பி. எங்கள் விறாந்தையில் மட்டும் அவர் அதைச் சொல்லியிருந்தால் அது நல்ல உபசாரம், அவ்வளவே. நாமோ உபசாரத்துக்கு மயங்கியே பழகிவிட்டோம். டட்லி கனவான் என்று சொல்லாத தமிழர் அக்காலத்தில் குறைவு. ஆனால் தமிழரசுக் கட்சி சார்பில் அவருடைய அமைச்சரவையில் இருந்த மு. திருச்செல்வம் நம் கோணேசர் கோயிற் சூழலைப் புனித பிரதேசமாக்க அமைத்த குழுவை, ஒரு பிக்குவின் எதிர்ப்பு வந்ததும் நிறுத்தியவர் அதே கனவான்தான். திருச்செல்வம் 1968இல் பதவி விலகினார். (அவருடைய மகன், மிதவாத அரசியல்வாதி நீலனை 1999இல் கொன்றது சிங்களத் தரப்பல்ல, விடுதலைப் புலிகள். எதிர்த்தரப்பில் மிதவாதியைத் தேடும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.)

கொல்வினுக்கு வருகிறேன். 1972 அரசியலமைப்பை ஆக்கும் பொறுப்பு அமைச்சராக இருந்த அவரிடமே வந்தது. சிங்களம் மட்டுமே அரச கரும மொழி என்பது அதில் அரசியலமைப்பு விதியாகவே ஏறியது, பௌத்தத்துக்கு முதன்மை இடம் கிடைத்தது, அதற்கு முந்தைய சோல்பரி அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவு மறைந்தது. இன்றும் நம் மேடைகளில் 1956ஆம் ஆண்டு வாக்கியத்துக்குக் கைதட்டுகிறார்கள். 1972ஐ எவரும் எடுப்பதில்லை. அப்பா மட்டும் அந்த வாக்கியத்தை எங்களிடமிருந்து திருப்பி வாங்கவில்லை. “சொன்னது சரி, சொன்னவரிடம் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேணும்” என்றார். மாமா அன்றும் விறாந்தையில்தான் இருந்தார், மறுக்கவில்லை.

ஆகவே அந்த உறுப்பினரைப் பாராட்டியதற்காக உங்களைக் கண்டிக்கமாட்டேன். பாதி விசாரித்துப் பாராட்டியதற்காகக் கண்டிக்கிறேன். அவர் அதைத் திருகோணமலையில் தமிழில் சொன்னாரா, தன் சொந்தத் தொகுதியில் சிங்களத்தில் சொன்னாரா? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.