எம்.எஸ்ஸி ஆய்வேட்டுக்குத் தமிழ்ச் சிறுகதைகள் நூலகப் பட்டியலில் அகப்படவில்லை

ஆய்வுத் தலைப்பை மாற்றாதீர்கள். ரோமன் எழுத்திலும், அதாவது தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்துகளால் எழுதி, ஒருமுறை தேடுங்கள்.

“சிறுகதை” என்று தமிழில் தட்டியதும் சில பதிவுகளே வந்தன என்கிறீர்கள். பழைய பதிவுகளில் தமிழ் எழுத்தே இல்லாமல், அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறைப்படி ரோமன் எழுத்து மட்டும் இருக்கலாம். அதில் சகரத்துக்கு எஸ் கிடையாது, ஆங்கில ‘சி’தான். ககரம் எங்கே வந்தாலும் ‘கே’. நூல் தலைப்பில் காந்தி வந்தால்கூட ‘கே’யில்தான் தொடங்கும்!

சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் போய், தமிழ் அடுக்கில் ஒரு பழைய தொகுப்பை எடுத்து, அதன் தலைப்பை இரண்டு விதமாகவும் தேடிப் பாருங்கள்.

ஆசிரியர் பெயரையும் இப்படியே மாற்றித் தேடுங்கள். அதுவும் பெரும்பாலும் இதே முறையில்தான் இருக்கும்; அவர் புழங்கிய எழுத்துக்கூட்டலிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள். அப்புறம், தேடிய சொற்களை எல்லாம் ஆய்வுமுறை அத்தியாயத்தில் எழுதிவையுங்கள். தேர்வாளர் கேட்கக்கூடும்.