பழைய புல்வெட்டியும் பழைய ரம்பமும்: கேளுங்கள், சொல்கிறேன்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறு நகரில் குடியிருக்கிறேன். வீட்டுக் கொட்டகையில் பதினொரு புல்வெட்டிகளும் நான்கு சங்கிலி ரம்பங்களும் நிற்கின்றன. காருக்கு இடமில்லாமல் அது தெருவில் கிடக்கிறது. என்னிடம் கேட்கப்பட்டவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, வாடகைக்கு வந்த வீட்டின் கொட்டகையில் பச்சை நிறப் பழைய ஆட்கோ புல்வெட்டி ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். துருவைத் தேய்த்துப் புதிதாகப் பெயிண்ட் அடித்துவிடலாமா?

பெயிண்ட் டப்பாவைத் தூர வையுங்கள், தம்பி. புல் சேரும் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் அந்த மங்கிய எழுத்துப் படம் போனால் போனதுதான். பர்மிங்காமில் சார்லஸ் பியூ நிறுவனம் 1921இல் முதல் ஆட்கோவை விற்பனைக்கு விட்டது. அதுவரை பெட்ரோல் புல்வெட்டி என்றால் பெரிய மாளிகைகளுக்கும் விளையாட்டு மைதானங்களுக்கும்தான். நடுத்தரக் குடும்பத்தின் தோட்டத்துக்கு அதைக் கொண்டுவந்ததில் ஆட்கோவுக்குப் பெரும் பங்கு உண்டு.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, ஓர் இரவு அப்படியே விடுங்கள். மறுநாள் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பிளக்கில் பொறி வரவில்லையா? பத்தில் எட்டு முறை பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னட்டோவின் பாயிண்டில் (திறந்து மூடும் தொடுமுனைகளில்) பச்சை படிந்திருக்கும். மெல்லிய உப்புத்தாளை இடையில் விட்டு இரண்டு முறை இழுத்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டர் அளவில் வையுங்கள். ஐம்பது ஆண்டு உறங்கிய எஞ்சின் அதற்கே எழுந்துகொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எஞ்சின் ஓடுகிறது ஐயா, ஆனால் புல்லை வெட்டாமல் மெல்லுகிறது. கத்தியைச் சாணை பிடிக்கக் கொடுக்க வேண்டுமா?

அநேகமாக வேண்டாம். உருளைப் புல்வெட்டி கத்தரிக்கோலைப் போல வேலை செய்கிறது: சுழலும் கத்தி ஒன்று, அசையாத அடிக்கத்தி ஒன்று. இரண்டும் உரசும் உரசாத அளவுக்கு நெருங்கியிருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, பிளக் கம்பியைக் கழற்றிவிட்டு, நாளிதழிலிருந்து விரல் அகலத்தில் ஒரு துண்டு கிழித்து இடையில் நீட்டி, உருளையைக் கையால் சுற்றுங்கள். விரலைத் தள்ளி வையுங்கள். கைச்சுற்றே விரலை எடுக்கப் போதும். தாள் 'சக்' என்று சுத்தமாக விழ வேண்டும். மடிந்து உள்ளே போனால் அந்த இடத்தில் இடைவெளி இருக்கிறது. இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று இடத்திலும் பார்த்து, பக்கத்துத் திருகுகளைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பித் திருப்பிச் சரிசெய்யுங்கள். பொறுமை இல்லாதவர்கள் ஒரே திருகாக இறுக்கிவிட்டு, கத்தி தேய்கிறதே என்று என்னிடம் வருகிறார்கள்.

அதற்கும் சரிவராவிட்டால் அரைப்புப் பசையைக் கத்தியில் தடவி, உருளையைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். சரசரவென்ற ஒலி சீரான 'ஷ்ஷ்' ஆக மாறும்போது நிறுத்திவிட்டுத் துடைத்துவிடலாம். அந்த ஒலிக்காகவே நான் சில மாலைகளைக் கொட்டகையில் கழிக்கிறேன்.

கேள்வி: புல்வெட்டியை முதலில் கண்டுபிடித்தவர் யார்?

எட்வின் பியர்ட் பட்டிங். இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயரில், ஸ்ட்ரவுட் பக்கத்தவர். அது கம்பளித் துணி ஆலைகளின் ஊர். நெய்த துணியின் மேல் எழும்பி நிற்கும் மயிரிழைகளை ஒரே சீராக வெட்ட, சுருள் கத்தி பொருத்திய இயந்திரம் ஆலைகளில் இருந்தது. துணிக்கு ஆவது புல்லுக்கு ஆகாதா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. 1830இல் காப்புரிமை பெற்றார். அக்கம்பக்கத்தார் சிரிப்பார்களே என்று இரவில்தான் ஓட்டிப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, எனக்குப் பிடித்த கதை. 1832இல் இப்ஸ்விச்சின் ரான்சம்ஸ் நிறுவனம் உரிமம் வாங்கித் தயாரிக்கத் தொடங்கியது. பின்னாளில் பெரிய புல்வெட்டிகளைக் குதிரை இழுத்தது. குளம்பு புல்லில் பதியாமலிருக்கக் குதிரைக்குத் தோல் காலணி மாட்டினார்கள். சவுத்போர்ட்டில் புல்வெட்டிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, குடும்பத்தோடு போங்கள். என் மனைவி ஒருமுறை வந்தார்; இனி வருவதாக இல்லை.

கேள்வி: பெட்ரோலில் எவ்வளவு எண்ணெய் கலப்பது?

பழைய கையேடுகளில் 16க்கு 1 என்றெல்லாம் இருக்கும். அது அந்தக் கால எண்ணெய்க்கான கணக்கு. நான் இன்றைய டூ-ஸ்ட்ரோக் எண்ணெயை, பழைய புல்வெட்டிகளில் இருக்கும் டூ-ஸ்ட்ரோக் வில்லியர்ஸ் எஞ்சினுக்கு 20க்கு 1 (5 லிட்டருக்கு 250 மில்லி), ரம்பங்களுக்கு 25க்கு 1 (200 மில்லி) கலக்கிறேன். எத்தனால் அதிகமுள்ள இ10 பெட்ரோலைத் தொடாதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கேஸ்கெட்டையும் அரிக்கும். வேலை முடிந்ததும் டாங்கை வடித்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, ஸ்டில் 090 என்ற பழைய சங்கிலி ரம்பம் விலைக்கு வந்திருக்கிறது. அவ்வளவு சக்தி என்கிறார்களே, உண்மையா? வாங்கலாமா?

உண்மைதான். 137 சிசி! ஊரில் நாம் ஓட்டும் ஸ்கூட்டரின் எஞ்சினைவிடப் பெரிய எஞ்சினை ஒரு மனிதன் கையில் தூக்கிக்கொண்டு நிற்கிறான். மக்கல்லக் சூப்பர் ப்ரோ 125 மட்டும் இளைத்ததா, 123 சிசி. இன்றைய ரம்பங்கள் வேகமாகச் சுற்றிக் கீச்சிடும். இவை தாழ்ந்த குரலில் உறுமும். மூன்றடி விட்டமுள்ள மரத்தில் பல்லை வைத்து அழுத்தினாலும் குரல் இறங்காது. சீவல் தூளாக வராது, பட்டை பட்டையாக வந்து பூட்ஸை மூடும். அதைக் கேட்டுவிட்டவனுக்கு வேறு ரம்பம் பிடிக்காது.

அதனாலேயே சொல்கிறேன்: முதல் ரம்பமாக இதை வாங்காதீர்கள். இந்தப் பழைய ரம்பங்கள் பலவற்றில் சங்கிலி பிரேக் கிடையாது. 1970களில்தான் அது பரவலாயிற்று. சங்கிலி ஓடும் இரும்புப் பட்டையின் நுனியில் மேல் பாதி மரத்தில் பட்டால் ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்துக்கு எழும்பும், நிறுத்த எதுவுமில்லை. அதிர்வைத் தாங்கும் ரப்பரும் இல்லாவிட்டால், நாள் முழுக்கப் பிடித்தவர்களுக்கு விரல் வெளுத்து மரத்துப்போகும். நான் வருடத்தில் இரண்டு நாள், தரையில் கிடக்கும் மரத்தில் மட்டும், தலைக்கவசமும் வெட்டுத் தடுக்கும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு ஓட்டுகிறேன். மரம் சாய்க்க எடுப்பதில்லை.

இன்னொன்று. புதுப் பெயிண்ட் மின்னினால் பயப்படுங்கள். எனக்கு ஒருவர் ஆரஞ்சு நிறத்தில் தகதகவென்று ஒன்றை விற்றார். வீட்டுக்கு வந்து சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், பிஸ்டனில் மேலிருந்து கீழாக நகம் பிறாண்டியதுபோலக் கோடுகள். எண்ணெயில்லாமல் ஓட்டியிருக்கிறார்கள். இரண்டு திருகு கழற்றும் வேலை; காசு கொடுப்பதற்கு முன் செய்திருக்க வேண்டும். நீங்கள் செய்யுங்கள். விற்பவர் விடமாட்டேன் என்றால் வந்த வழியே திரும்புங்கள்.

கேள்வி: சங்கிலிப் பல்லைப் புழுவைப் பார்த்துச் செய்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி, 1946இல் ஒரு மரக்கட்டையில் வண்டுப் புழு ஒன்று இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்து மரத்துக்குள் போவதைக் கவனித்தார். அதற்கு முன் இருந்த பல் கைரம்பப் பல்லைப் போலச் சுரண்டியது. அதை அரம் போட்டுக் கூர்தீட்டுவதே ஒரு நாள் வேலை. புழுவின் தாடையைப் பார்த்து வளைந்த பல்லைச் செய்து, 1947இல் ஆரெகனில் தொழில் தொடங்கினார். இன்று உங்கள் ரம்பத்திலும் என் ரம்பத்திலும் ஓடுவது அந்தப் பல்லின் வழிவந்ததுதான்.

கேள்வி: ஞாயிறு காலையில் ஓட்டினால் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்வது?

பத்து மணிக்குப் பிறகு ஓட்டுங்கள். அவர் தோட்டத்தையும் ஒருமுறை வெட்டிக் கொடுங்கள். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் இப்போது, இந்த வாரம் ஏன் சத்தமே இல்லை என்று வேலி மேல் எட்டிக் கேட்கிறார்.