ஆண்டுக் கடைசியில் வீடு வாங்கும் முன்: கேள்வி பதில்

வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் 21 ஆண்டுகள் வேலை பார்த்தேன். இந்த டிசம்பரில் வீடு வாங்கத் தயாராகிறவர்கள் கேட்கலாம் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. கடன், காகிதம், கணக்கு இவை எனக்குத் தெரிந்தவை. மற்றவற்றுக்கு யாரிடம் போகவேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: டிசம்பரில் வீட்டு விலை இறங்கும் என்கிறார்களே அக்கா, உண்மையா?

விலை இறங்கும் என்று நம்பி உட்காராதீர்கள். பேரம் படிய வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். கட்டி விற்பவர்கள் சிலருக்கு ஆண்டுக் கணக்குக்குள் விற்றுக் காட்டவேண்டிய நெருக்கடி இருக்கலாம். விடுமுறை நாட்களில் வீடு பார்க்க வருகிறவர்களும் குறைவு. ஆனால் கடன் எவ்வளவு கிடைக்கும் என்று வங்கியிடம் எழுத்தில் வாங்கி வைத்திருப்பவர் பேசினால்தான் விற்பவர் காது கொடுப்பார்.

இன்னொன்று. சமையலறை அலமாரி இலவசம், ஏசி இலவசம் என்பார்கள். அதன் மதிப்பை வீட்டு விலையில் கழித்துத் தரச் சொல்லுங்கள். விலை குறைந்தால் வாங்கவேண்டிய கடன் குறையும், விலையைப் பொறுத்த பதிவுச் செலவும் குறையும். இலவச அலமாரிக்கு நீங்கள் 20 ஆண்டு வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: விற்பவர் 31-ம் தேதிக்குள் முன்பணம் கொடுத்தால்தான் இந்த விலை என்கிறார். கடனுக்கு இப்போதுதான் விண்ணப்பித்திருக்கிறேன். கொடுத்துவிடலாமா மேடம்?

வேண்டாம். கடன் ஒப்புதல் வராமல் பெரிய தொகையைக் கொடுக்காதீர்கள். 31-ம் தேதி அவருடைய கெடு, உங்களுடையது அல்ல.

உங்கள் சம்பளம் சரியாக இருந்தாலும் கடன் குறையலாம். வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். நீங்கள் பேசிய விலையைவிட அவர் போடும் மதிப்பு குறைந்தால், அந்தக் குறைந்த மதிப்பில்தான் கடன் கணக்காகும். மீதியை உங்கள் கையிலிருந்து போடவேண்டும். வக்கீல் பத்திரங்களைப் பார்த்து ஏதாவது வில்லங்கம் என்று எழுதிவிட்டால் கடனே இல்லை. இந்த இரண்டு அறிக்கையும் டிசம்பர் கடைசி வாரத்தில் சட்டென்று வராது. கையெழுத்துப் போடவேண்டியவர் விடுமுறையில் போனதால், எல்லாம் சரியாக இருந்த ஒரு கோப்பு 11 நாள் என் மேசையிலேயே கிடந்தது. அந்தக் குடும்பத்தின் கெடு அதற்குள் முடிந்துவிட்டது. அவர்கள் கட்டிய முன்பணத்தை விற்பவர் திருப்பித் தரவில்லை.

கேள்வி: வீட்டுக்கடனுக்கு என்ன வரிச்சலுகை கிடைக்கும்?

ஆடிட்டரிடம் கேளுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. ஆனால் சலுகைக்காகக் கடனைப் பெரிதாக்காதீர்கள்.

கேள்வி: ஆண்டு இறுதித் தள்ளுபடியில் தவணைக்கு ஒரு வண்டி எடுக்கலாம் என்று இருக்கிறேன் அக்கா. வீட்டுக்கடனைப் பாதிக்குமா?

பாதிக்கும் தம்பி. எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் ஏறக்குறைய 40 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டித் தவணை அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் வீட்டுக்குக் கிடைக்கும் தொகை சுருங்கும். வங்கி கடைசியாக ஒருமுறை உங்கள் கடன் அறிக்கையைப் பார்க்கும்போதும் அது தெரியும். வண்டி வீட்டுக்குப் பிறகு வரட்டும்.

கேள்வி: போனஸ் வருகிறது. முழுவதையும் வீட்டில் போட்டுக் கடனைக் குறைக்கவா, கையில் வைக்கவா?

இதற்கு நான் பதில் எழுதுவதற்குள் இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள். ஒருவர், "வட்டி கட்டிக்கொண்டே பணத்தைச் சும்மா வைத்திருப்பது வீண், ஒரு காசு மிச்சம் வைக்காமல் போடுங்கள்" என்கிறார். இன்னொருவர், "வேலை போனால் செங்கல்லை விற்றா சாப்பிடுவது?" என்று கேட்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கணக்கைப் பார்ப்போம்.

வாங்கிய கடன் முழுவதும் 100 சம பங்கு, ஆண்டு வட்டி 9 சதவீதம், காலம் 20 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை 0.9 பங்கு. முதல் தவணையில் 0.75 வட்டிக்கே போய்விடும். 10 ஆண்டு விடாமல் கட்டிய பிறகும் 71 பங்கு பாக்கி நிற்கும். தவணையை மாற்றாமல், தொடக்கத்திலேயே 5 பங்கைக் கூடுதலாகக் கட்டினால் ஏறக்குறைய 30 தவணை குறைகிறது. அதே 5 பங்கை 10 ஆண்டு கழித்துக் கட்டினால் 13 தவணைதான் குறையும். எனவே சீக்கிரம் போடச் சொல்பவர் பக்கம் கணக்கு பலமாகவே இருக்கிறது.

ஆனால் அந்த 5 பங்கைக் குடியேறி ஆறு மாதம் கழித்துக் கட்டினால் எவ்வளவு நஷ்டம்? அதற்கான ஆறு மாத வட்டி ஏறக்குறைய கால் தவணை. கால் தவணைக்கு ஆறு மாத நிம்மதி கிடைக்கிறது என்றால் நான் அதைத்தான் வாங்குவேன். குழாய் மாற்றுவது, கதவு சரிசெய்வது, இரண்டு வீட்டுச் செலவு ஒன்றாக விழுவது எல்லாம் அந்த ஆறு மாதத்தில்தான் வரும்.

முதலாமவர் விடவில்லை: "கையில் இருந்தால் செலவாகிவிடும் மேடம்." சரி, அப்படிப்பட்டவர் ஆறு மாதத் தவணைக்கான பணத்தை மட்டும் தனிக் கணக்கில் ஒதுக்கிவிட்டு மீதியைப் போடட்டும். முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் உண்டா என்று மட்டும் ஒப்பந்தத்தில் பாருங்கள்.

கேள்வி: மாறும் வட்டி பற்றிப் பயமாக இருக்கிறது.

பயத்தைவிடக் கவனம் தேவை. மேலே சொன்ன கடனில் வட்டி 9-லிருந்து 10 ஆகி, தவணை அப்படியே இருந்தால் 240 மாதம் 314 மாதமாக நீளும். பலர் தவணை ஏறவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். வட்டி ஏறும்போதெல்லாம் எத்தனை மாதம் பாக்கி என்று வங்கியில் கேளுங்கள்.

கேள்வி: புதுப் பெயின்ட் அடித்த பழைய வீடு. எதைப் பார்ப்பது அம்மா?

மதிப்பீட்டாளரோடு பல வீடுகளுக்குப் போயிருக்கிறேன். ஒரு வீட்டில் கூடம் முழுக்கப் பெயின்ட் வாசனை. அவர் நேராகச் சமையலறைக்குப் போய், பாத்திரத் தொட்டிக்குக் கீழே குனிந்து, கையை உள்ளே விட்டுச் சுவரைத் தடவினார். விரலில் வெள்ளை மாவு போல ஒட்டிக்கொண்டு வந்தது. உப்பு. சுவருக்குள் ஊறிய நீர் உப்பைக் கரைத்து எடுத்துவந்து, வெளியே காயும்போது அதை விட்டுவிட்டுப் போகிறது. தூரிகை எட்டாத அந்த இடத்தில் மட்டும் அது மறையாமல் இருந்தது.

நீங்களும் தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குப் பின்னால், குளியலறையின் மறுபக்கச் சுவரில் கையை வைத்துப் பாருங்கள். இரண்டு குழாயை ஒன்றாகத் திறந்து நீர் வேகம் குறைகிறதா என்று பாருங்கள். வடகோளத்தில் இருந்தால், டிசம்பரில் தெற்கு ஜன்னல் வழியே வரும் வெயிலைக் கண்டு மயங்கவேண்டாம். சூரியன் அப்போது தெற்கே தாழ்ந்து இருப்பதால் அவ்வளவு உள்ளே வருகிறது. ஜூனில் அப்படி வராது.

கேள்வி: தூணில் விரிசல் இருக்கிறது. பரவாயில்லையா?

கட்டடப் பொறியாளரை அழைத்துப்போங்கள். எழுத்தில் கேட்டுத் தீர்க்கிற விஷயம் அல்ல.

கேள்வி: சலுகை முடிவதற்குள் முன்பணம் கட்டிவிடலாமா?

மேலே எழுதியிருக்கிறேன். ஒப்புதல் வராமல் வேண்டாம்.

கேள்வி: சின்ன முன்பணம்தான் மேடம், அதுவும் நண்பருக்குத் தெரிந்தவர்.

மூன்றாவது ஆளாக இதையே கேட்கிறீர்கள். தெரிந்தவர் என்றாலும் வேண்டாம். தெரிந்தவரிடம்தான் திருப்பிக் கேட்க வாய் வராது.

கேள்வி: 31-ம் தேதி கெடு பற்றிக் கேட்டவன் நான்தான். விற்பவரிடம் பேசினேன். சிறு தொகை வாங்கிக்கொண்டு ஜனவரி கடைசிவரை காத்திருக்க ஒப்புக்கொண்டார். எப்படி எழுதுவது?

நல்லது. திருப்பித் தருவதாக எழுத்தில் இருந்தால் மட்டும் அந்தச் சிறு தொகையைக் கொடுக்கலாம். இந்தப் பொருள் வரும்படி எழுதுங்கள்: "வங்கி கடன் மறுத்தாலோ, விண்ணப்பித்த தொகையைவிடக் குறைத்தாலோ, பத்திரத்தில் குறை கண்டாலோ, முன்பணம் முழுவதும் 15 நாளில் திருப்பித் தரப்படும்." விண்ணப்பித்த தொகையை எண்ணில் எழுதுங்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். கையெழுத்துக்கு முன் உங்கள் வக்கீல் ஒருமுறை படிக்கட்டும். விற்பவரின் வக்கீல் படித்தது போதாது.