கராஜில் பன்னிரண்டு பேர்: இதைச் சபையாக்குவது எப்படி?

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "நாங்கள் போகும் சபைக்கு இரண்டு டாக்சி மாற வேண்டும். வயதானவர்களால் முடிவதில்லை. எங்கள் கராஜில் வெள்ளிக்கிழமைதோறும் பன்னிரண்டு பேர் கூடி ஜெபிக்கிறோம். இதைச் சபையாக்க முதலில் இடம் வாங்க வேண்டுமா?"

வேண்டாம் சகோதரி. கூடாரம், ஸ்பீக்கர் எதுவும் இப்போது வேண்டாம். கூடாரக் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பலர் வேறு சபைக்காரர்கள். கூடாரம் போனதும் அவர்களும் போய்விடுவார்கள்.

கராஜ் என்று குறைவாக நினைக்காதீர்கள். 1960-களில், ஒவ்வோர் இனத்தாரும் தனித்தனிப் பகுதியில்தான் குடியிருக்க வேண்டும் என்ற இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் பேரில், டர்பனில் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் நம் ஜனங்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றினார்கள். கோயிலும் சபையும் தூரமாகிப்போன அந்தக் காலத்தில் பல சபைகள் வீட்டு முன்னறையில்தான் பிறந்தன.

ஆறு மாதம் தெருவை நடந்து பாருங்கள். யார் தனியாக இருக்கிறார்கள், யார் ஆர்.கே. கான் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்கள் என்பது உங்கள் பன்னிரண்டு பேருக்கும் தெரிய வேண்டும். துக்க வீட்டில் முதலில் போய் நாற்காலி போடுகிறவர்களை நம் ஜனங்கள் மறப்பதில்லை. பக்கத்து வீட்டில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சினால் அன்று உங்கள் பாட்டுச் சத்தத்தைக் குறையுங்கள். சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தால் கூட்டத்துக்கு வரச்சொல்லி நிபந்தனை வைக்காதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. பசியைக் காட்டி வாங்கும் ஞானஸ்நானம் யாருக்கும் நல்லதில்லை.

அப்புறம் மொழி. பாட்டிகள் பெரிய எழுத்துத் தமிழ் வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருப்பார்கள். பேரப்பிள்ளைகள் பின்னால் போனில் ஆங்கில வேதாகமம் வாசிப்பார்கள். பிரசங்கம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். வேதவாசிப்பையும் ஒரு பாட்டையும் தமிழில் வையுங்கள், ஒரு பேரப்பிள்ளையைப் பாட்டியின் பக்கத்தில் நின்று வாசிக்கச் சொல்லுங்கள். தெருவில் ஜூலு பேசுகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு பாட்டு.

சட்டம் அவ்வளவு பயப்படும்படி இல்லை. அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு மதச் சுதந்திரம் தருகிறது, சபை நடத்த லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் கராஜ் இருப்பது குடியிருப்புப் பகுதி. கூட்டமும் கார்களும் பெருகினால் எதெக்வினி (டர்பன்) மாநகராட்சியின் அனுமதி கேட்க வேண்டி வரும். அதற்கு முன்பே பள்ளிக்கூட ஹாலைக் கேட்டுப் பாருங்கள். தலைமையாசிரியரின் வாய்வார்த்தை போதாது, பள்ளி நிர்வாகக் குழுவின் எழுத்துமூல அனுமதி வேண்டும்.

காணிக்கையை யாருடைய சொந்தக் கணக்கிலும் போடாதீர்கள், போதகருடையதிலும் கூடாது. ஒரு சின்ன அமைப்புவிதி எழுதி, சபையின் பெயரில் வங்கிக் கணக்கு திறந்து, ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் கையெழுத்திடும்படி வையுங்கள். பொதுநல அமைப்பாக சார்ஸிடம் (வருமான வரித் துறை) ஒப்புதல் வாங்கினால் சபைக்கு வருமான வரி விலக்கு கிடைக்கும். ஆனால் தசமபாகம் கொடுப்பவருக்கு, நன்கொடைக்கான வரிக்கழிவு (வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவு) கிடைக்காது, அந்தக் கழிவுக்குரிய பணிகளின் பட்டியலில் மதப்பணி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஞாயிறுபள்ளி தொடங்குவதானால், பாடம் சொல்லிக்கொடுப்பவர்களின் பெயர், பிள்ளைகளோடு வேலை செய்யத் தகாதவர்களைக் குறித்துவைக்கும் தேசியக் குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டில் இல்லை என்று உறுதி செய்த பிறகே பிள்ளைகளை அவர்களிடம் விடுங்கள். தெரிந்த மாமா, சொந்த அக்கா என்று யாருக்கும் சலுகை வேண்டாம்.

இந்த வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்ததும் ஒரு நோட்டை எடுத்து, உங்கள் தெருவின் வீட்டு எண்களை வரிசையாக எழுதுங்கள். பெயர் தெரியாத வீடுகளை அந்தப் பன்னிரண்டு பேரும் பங்குபோட்டுக்கொள்ளட்டும்.